ஐம்பத்தைந்து இஞ்ச்

மார்ச் 2

மூத்தவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். அவள் அடுப்படியில் இருக்கிறாள், நான் கூடத்தில் இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு வீட்டில்தான் இருக்கிறோம் என்று வெளியாள் சொன்னால்தான் தெரியும், அந்த அளவுக்குப் பேச்சு நடக்கிறது.

போன் பண்ண வேண்டியதுதானே என்பாய். என் காது லட்சணம் உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியதில் பாதிக் காது போய்விட்டது. போனில் நான் கத்த வேண்டியிருக்கிறது. நான் கத்தினால் அம்மாவுக்குக் கேட்கும். இது அவளுக்கு இப்போது தெரிய வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒரு டிவி வாங்கப் போகிறேன். சின்னது இல்லை. உன் ஷோரூமில் சுவரையே மறைக்கிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த ரகம். ஹெச்டி என்று போட்டிருக்க வேண்டுமாம். எனக்கு உன்னிடம் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. தூரத்தில் நிற்கிற ஆளுடைய முகம் அதில் தெளிவாகத் தெரியுமா? தெரியும் என்றால் எத்தனை இஞ்ச் வாங்க வேண்டும் என்று எழுது. விலையைப் பற்றி உபதேசம் பண்ணாதே.

பழைய சண்டையையும் இதில் இழுக்காதே. அன்றைக்கு உன்னை 'வெளியே போ' என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். நீ கொண்டுவந்த காகிதம் அப்படிப்பட்டது.

அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

கவரைப் பிரிக்கப் பயந்து ஒரு நாள் முழுக்கப் பையிலேயே வைத்திருந்தேன். பிரித்தால் டிவி! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெட்டி டிவியைத் தூக்கிப் போடுங்கள் என்று நானும் தம்பியும் எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்போம்? "படம் தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். நாலு மாதமாக மகளோடு ஒரு வார்த்தை பேசாத மனுஷருக்கு இப்போது ஹெச்டி கேட்கிறதா?

சண்டையை இழுக்கவில்லை. ஆனால் மனசில் இருப்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆற்றில் படகு கவிழ்ந்த பிறகு, உடம்பு கிடைக்காதவர்கள் வீட்டுக்கெல்லாம் படகு ஆபீஸிலிருந்து அந்தக் காகிதம் வந்தது. இறந்ததாகப் பதிவு செய்ய அப்பாவுடைய கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் எழுதிய காகிதமா அது? எனக்கு மட்டும் அவன் தம்பி இல்லையா? அதை நாலாகக் கிழித்து என் முகத்தில் எறிந்தீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்க. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவ்வளவுதான். இனி டிவி.

முதலில் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். நம் கூடத்துக்கு முப்பத்திரண்டு இஞ்சே தாராளம். அதற்கு மேல் வாங்கினால் செய்தி வாசிக்கிறவர் உங்கள் மடியில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, கடையில் ஓடுகிற படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கிளி, பூ, அருவி என்று கடைக்காகவே எடுத்த படம் அது. கிளியின் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுநாளே வந்து என் கவுண்டரில் நிற்பார்கள். "இங்க பளபளன்னு இருந்துச்சு, வீட்ல கலங்கின தண்ணியாட்டம் இருக்கு, டிவியை மாத்திட்டீங்களா?" என்பார்கள். டிவியை யாரும் மாற்றவில்லை. உள்ளே வருகிற படம் எப்படியோ, அப்படித்தான் வெளியே தெரியும். தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

தூரத்தில் நிற்கிற ஆளுடைய முகம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடைய முகம், அப்பா?

அம்மா போனை எடுத்தால் "சாப்ட்டியா" என்கிறாள், "வைக்கிறேன்" என்கிறாள். நடுவில் ஒன்றும் இல்லை.

உங்கள் மகள்


மார்ச் 15

மூத்தவளுக்கு,

யாருடைய முகம் என்று கேட்கிறாய். உன் தம்பியுடைய முகம்தான். வேறு யார் முகத்தைப் பார்க்க எனக்கு இந்த வயதில் டிவி?

படகு கவிழ்ந்த அன்று சாயங்காலம் செய்தியில் படித்துறையைக் காட்டினார்கள். நாம் எல்லோரும் ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டிருந்தோம், பார்க்கவில்லை. நம் தெருக் கேபிள்காரன் தன்னுடைய புதுக் கேபிள் பெட்டியில் அதைப் பதிவு பண்ணி வைத்திருந்திருக்கிறான். போன மாதம்தான் என்னிடம் சொன்னான். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான், நம் டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டியில் சொருகிப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தான்.

பார்த்தேன். காப்பாற்றிக் கொண்டுவந்தவர்களைப் போர்வை போர்த்திப் படியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், சரியாக நட்ட நடுவில், ஒரு பையன் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த உயரம் அவன் உயரம். அந்த நிற்கிற தோரணை அவனுடையது. முகம் மட்டும் மிளகு அளவுக்கு, யாரோ விரலால் அழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். டிவியோடு மூக்கை ஒட்டிப் பார்க்கிறேன், கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறேன், கழற்றிப் பார்க்கிறேன். "பெரிய ஹெச்டி டிவில போடுங்க சார், பளிச்சுனு தெரிஞ்சிடும்" என்கிறான் கேபிள்காரன்.

அவன் கரை ஏறிவிட்டான். நான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்கிறேன், நீங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. ஏறியவனுக்குத் தலையில் அடி பட்டிருக்க வேண்டும். தான் யார், வீடு எது என்று தெரியாமல் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் சுருண்டு கிடக்கிறானோ. வாரத்தில் மூன்று நாள் நான் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாகப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கூட வேலை பார்த்த டிரைவர்கள் என்னைப் பார்த்தாலே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். முகம் தெரிந்தால் போதும். அதைப் போலீஸில் காட்டி மேஜையைத் தட்டிக் கேட்பேன்.

சுவரை அளக்கப் போய் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். கூடத்தில் அகலமான சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் அவள் சின்னவன் போட்டோவை மாட்டி வைத்திருக்கிறாள், செத்தவர்களுக்கு மாட்டுகிற மாதிரி. நானும் எத்தனையோ தடவை கழற்றிவிட்டேன், திரும்பத் திரும்ப மாட்டுகிறாள். "டிவி மாட்டணும், இதைக் கழட்டட்டுமா?" என்று கேட்டேன். "என்னைக் கழட்டிட்டு மாட்டுங்க" என்றாள்.

நாற்காலிக்கும் சுவருக்கும் ஏழரை அடி. ஐம்பத்தைந்து இஞ்ச் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். எப்போது அனுப்புவாய் என்று மட்டும் எழுது.

அப்பா


மார்ச் 21

அப்பாவுக்கு,

உங்கள் லெட்டரை பாத்ரூமில் உட்கார்ந்து படித்தேன். வெளியே வர அரை மணி நேரம் ஆகிவிட்டது, மேனேஜர் கத்தினார்.

நான் டிவி விற்றுப் பிழைக்கிறவள். ஒரு பெரிய டிவி விற்றால் எனக்கும் நல்லது, கடைக்கும் நல்லது. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், வாங்காதீர்கள். கேபிள்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். மிளகு அளவு முகத்தைப் பெரிய டிவியில் போட்டால் அது எலுமிச்சை அளவு ஆகும். ஆனால் தெளிவாகாது. அழிந்தது அழிந்ததாகவே பெரிதாகும். கண் இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம், வாய் இருக்கிற இடத்தில் இன்னொரு சதுரம். அந்தச் சதுரங்களை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த முகத்தை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் பயம். அந்த முகத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிடுவீர்கள். பாதிக் காது போன மாதிரி கண்ணும் போகும். அம்மா அடுப்படியிலேயே கிடப்பாள்.

அப்பா, கோபப்படாமல் கேளுங்கள். தம்பி வேலை முடிந்து அச்சடிக்கிற பிரஸ்ஸிலிருந்து சாயங்காலம் எப்போதும் வருகிற படகில்தான் வந்தான். அவன் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கரையில் இருந்திருந்தால், தலையில் எவ்வளவு அடி பட்டிருந்தாலும், இத்தனை நாளில் யாராவது ஒருத்தர் நமக்குச் சொல்லியிருக்க மாட்டார்களா? நான் மட்டும் ஆசைப்படவில்லையா? கடை வாசலில் ஒல்லியாக எந்தப் பையன் வந்து நின்றாலும் கஸ்டமரை விட்டுவிட்டு ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். டிவி வாங்குவதற்கு முன்னால் அந்தப் பென் டிரைவை எனக்கு அனுப்புங்கள். எங்கள் கடையில் நீங்கள் கேட்கிற அதே ஐம்பத்தைந்து இஞ்சில் போட்டுப் பார்த்து, என்ன தெரிகிறதோ அதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் நானே வாங்கி அனுப்புகிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 28

மூத்தவளுக்கு,

பென் டிரைவ் கூரியரில் வருகிறது. கேபிள்காரனிடம் இன்னொன்று போட்டுக் கொடு என்றால், "அந்தப் பெட்டி ரிப்பேராயிடுச்சு சார், எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்கிறான். உலகத்திலேயே இது ஒன்றுதான். தொலைத்தாய் என்றால் என் முகத்தில் விழிக்காதே.

நீ முன்கூட்டியே முடிவு பண்ணிவிட்டுத்தான் பார்க்கப் போகிறாய். அவன் இல்லை என்று எழுதத்தான் கேட்கிறாய். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அனுப்புகிறேன், ஏனென்றால் நீயும் அவனும் ஒன்றாக வளர்ந்தவர்கள். வேறு யார் கண்ணை நம்புவது?

நேற்று அம்மா அவன் சட்டைகளையெல்லாம் துவைத்து, மடித்து, தெருக்கோடி இஸ்திரிக்காரன் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் செய்திருக்கிறாள். வந்து கேட்டேன். "வர்றவனுக்கு வேற வாங்கிக்கலாம்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஓங்கிய கையை எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த வீட்டில் அவனுக்காக நான் ஒருத்தன்தான் மிச்சம்.

சீக்கிரம் எழுது. ராத்திரி தூங்காமல் கிடக்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் நல்லது.

கடை திறப்பதற்கு முன்னால் போனேன். எங்கள் கடை மெக்கானிக், நாங்கள் 'வயர் அண்ணன்' என்று கூப்பிடுவோம், அவர்தான் பென் டிரைவைச் சொருகிக் கொடுத்தார். முதலில் ஒன்று சொல்ல வேண்டும், நான் சொன்னது தப்பு. கேபிள்காரன் ஏதோ செல்போனை டிவிக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்திருப்பான் என்று நான் நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. செய்தி எப்படி வந்ததோ அப்படியே முழுத் தெளிவில் இருந்தது. அழிந்து தெரிந்தது படத்தால் இல்லை, நம் டிவியால்.

நடுவில் தலை துவட்டுகிற பையன் தம்பி இல்லை, அப்பா. முகம் நன்றாகத் தெரிகிறது. அடர்த்தியான மீசை, முப்பது வயது இருக்கும். யாரோ ஒருவர். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று இரண்டு முறை பார்த்தேன். சத்தியமாக அவன் இல்லை.

நிறுத்தச் சொன்னேன். அப்போது வயர் அண்ணன் கேட்டார், "ஏம்மா, உங்க வீட்ல இருக்கிறது பழைய சதுர டிவியா? அப்படின்னா அதுல ரெண்டு ஓரமும் வந்திருக்காதே." அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது எடுக்கிற படமெல்லாம் அகலமானது. சதுர டிவியில் அது அடங்காது, அதனால் டிவிக்குக் கீழே இருக்கிற கேபிள் பெட்டி இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் காட்டும். தினமும் கஸ்டமர்களிடம் நான் சொல்கிற பாடம்தான் இது. உங்களுக்கு ஏன் சொல்லத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து போட்டார். இடது ஓரத்தைப் பார்த்தேன்.

தம்பி இருக்கிறான்.

கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறான். பிரஸ் சட்டை, பையில் மை கொட்டின கறை கூடத் தெரிகிறது. தோளில் போர்வை. காலில் செருப்பு இல்லை. தலையில் அடி எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னக் குழந்தை நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவன் ஆற்றையே பார்க்கிறான். திடீரென்று எழுந்து என்னவோ கத்துகிறான், செய்தி வாசிக்கிறவர் குரல்தான் ஓடுகிறது, அவன் குரல் இல்லை. போர்வையைக் கழற்றி அந்தக் குழந்தையைச் சுற்றிப் போர்த்துகிறான். படியில் இறங்குகிறான். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் தெரிகிறது. அப்புறம் படத்தை விட்டு வெளியே போய்விடுகிறான். படம் முடிகிற வரைக்கும் பார்த்தேன், அவன் திரும்பி வரவில்லை.

நீங்கள் சொன்னதுதான் சரி. அவன் கரை ஏறினான்.

கடையில் நின்று, அதற்குள் வேலைக்கு வந்துவிட்ட எல்லோரும் பார்க்க, "ஏறினவன் எதுக்குடா மறுபடி இறங்கின, முட்டாப் பயலே" என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன். வயர் அண்ணன் ஷட்டரை பாதி இறக்கி வைத்தார். எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம் வருகிறது, அப்பா. இத்தனை பேர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்களே, இவனுக்கு மட்டும் என்ன?

'சதுரம்தான் தெரிந்தது' என்று ஒரு வரி எழுதி கவரையும் ஒட்டிவிட்டேன். அப்புறம் கிழித்துப் போட்டேன். அதை அனுப்பினால் நீங்கள் சாகும்வரை பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பையன் முகமாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு இது மேல் என்று நினைத்தேன். மேல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

பென் டிரைவ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டிவி வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். நான் பார்த்ததை நீங்கள் இரண்டு பேரும் பார்க்க வேண்டாம்.

உங்கள் மகள்


ஏப்ரல் 14

மூத்தவளுக்கு,

லெட்டர் வந்து நாலு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்க்காமல் ஒரு நாளும் நான் வண்டியை நகர்த்தியதில்லை. அப்படிப்பட்டவன், ஓரத்தை வெட்டின டிவியைக் கட்டிக்கொண்டு, எவனோ ஒரு மீசைக்காரனைப் பார்த்து இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேன். "வாடா, வீட்டுக்கு வாடா" என்று அவனிடம் கெஞ்சியிருக்கிறேன். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

படித்ததும் டிவி வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மூத்தவளே. பார்க்க வேண்டும் பார்க்க வேண்டும் என்று ஆடினவன் நான்தான். இப்போது பார்க்கத் தைரியம் இல்லை. அவன் தண்ணீரில் இறங்குவதை ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் கண்ணை மூடினாலும் அதுதானே ஓடும்?

லெட்டரை மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நான் வீட்டிலேயே கிடந்ததைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். கையில் கொடுத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். அழவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கவும் இல்லை. நான் போய் அணைத்தேன்.

"டிவி வேண்டாம்னு எழுதிடறேன்" என்றேன்.

"ஏன் வேண்டாம்?"

"உன்னால பார்க்க முடியாதும்மா."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை நாளா யாரோ பெத்த பிள்ளையை நீங்க உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தீங்க. நான் ஏதாவது சொன்னேனா? நான் பெத்ததை நான் பார்க்க வேண்டாமா?"

அவளே ஸ்டூலைப் போட்டு ஏறினாள், போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். இப்போது அந்தச் சுவர் காலியாக இருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். நேற்று ராத்திரி என்னிடம், "அந்தக் குழந்தை பிழைச்சிருக்கும்ல?" என்று கேட்டாள். பிழைத்திருக்கும் என்று சொன்னேன்.

படகு ஆபீஸிலிருந்து அந்தக் காகிதத்தை இன்னொன்று வாங்கி அனுப்பு. கையெழுத்துப் போடுகிறேன். உன்னை வெளியே போ என்று சொன்னது தப்பு. வந்துவிட்டுப் போ.

டிவி ஐம்பத்தைந்து இஞ்சே இருக்கட்டும். இரண்டு ஓரமும் முழுசாக வர வேண்டும், அதை மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லி இரண்டு முறை சரிபார்த்துவிடு.

இன்னொரு விஷயம். ஓடுகிற படத்தை அப்படியே நிறுத்தி வைக்க ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்குமாமே, அது எது என்று ஒரு பொட்டு வைத்து அனுப்பு. போர்வை அவன் தோளில் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நான்தான் அழுத்த வேண்டும்.

அப்பா